ஏழாம் கேள்வியும் காலிக் கோணியும்

"தை 22, வியாழன். முற்பகல் 11.10. எடைமேடை. 'கழிவுன்னா அவங்க புடிக்கறது சார், நாங்க போடறது இல்ல.' (ஆ. மேரி)"

என் களக் குறிப்பேடுகளில் முப்பத்தொன்றாவதின் நடுப்பக்கத்தில் இந்தக் குறிப்பு இருக்கிறது. பென்சிலில் எழுதியது. லாரியின் பக்கப்பலகையில் நோட்டைச் சாய்த்துவைத்து எழுதியதால் எழுத்துகள் வலப்புறம் சரிந்து கிடக்கின்றன. ஆண்டை மட்டும் இங்கே எடுத்தெழுதவில்லை. எழுதினால் எந்த நிறுவனம், எந்தத் திட்டம் என்று அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால் யாருக்கும் பயனில்லை. மாதம், கிழமை, நேரம் எல்லாம் நோட்டில் உள்ளபடி.

மூலப்பொருள் மதிப்பீட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். நம் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். யாரோ ஓர் ஆலை கட்ட நினைக்கிறார்கள். அந்த ஆலைக்கு வேண்டிய பொருள் இந்த ஊரில் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துச் சொல்கிறோம். எப்படி அளப்பது, எத்தனை இடங்களில் மாதிரி எடுப்பது என்பதெல்லாம் உங்கள் பயிற்சிக் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இல்லாத ஒரு பொருளை நாற்பத்து மூன்று பேரிடம் கேட்டு, எடைபோட்டு, அறிக்கையாக அச்சிட்டுக் கையெழுத்தும் போட்டவன் நான்.

திட்டம் இதுதான். மரத்திலிருந்து எத்தனால் எடுத்து, பெட்ரோலில் கலப்பதற்கு விற்பது. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எத்தனால் எடுப்பது பழகிய தொழில். ஆனால் கரும்புக்குத் தண்ணீர் வேண்டும், தானியமோ மனிதர் சாப்பிடுவது. மரத்தில் இந்த இரண்டு குற்றச்சாட்டும் இல்லை. வேறொரு தொல்லை உண்டு. மரத்தில் சர்க்கரை இருக்கிறது, ஆனால் பூட்டப்பட்டு இருக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்க ஆவி, அமிலம், நொதி என்று நிறையச் செலவாகும். உள்ளே போகும் மரம் ஏறத்தாழ இலவசமாகக் கிடைத்தால்தான் வெளியே வரும் எரிபொருளின் விலை கட்டுப்படியாகும். எனவே இந்தத் தொழிலின் பொருளாதாரம் முழுவதும் ஒரே சொல்லின் மேல் நிற்கிறது. அந்தச் சொல் 'கழிவு'. சுற்றுச்சூழல் வாதமும் அதே சொல்லின் மேல்தான் நிற்கிறது: வீணாகக் கிடந்து மக்கப்போவதை எடுத்து வண்டி ஓட்டினால் பூமிக்குக் கூடுதல் பாரமில்லை என்கிறார்கள்.

திண்டிவனத்திலிருந்து கடற்கரைவரை சவுக்குத் தோப்புகள் உண்டு. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்ட நிலத்திலேயே நான்கு வருடம் சவுக்கு, பிறகு மறுபடி மல்லாட்டை என்று மாற்றிப் போடுகிறவர்கள் அநேகம். மரம் காகித ஆலைக்குப் போகும். நேரான கம்புகள் கட்டட வேலைக்குச் சாரம் கட்டப் போகும். அவை போக மிஞ்சும் கழிவு எவ்வளவு என்று கணக்கெடுப்பதே எனக்குக் கொடுத்த வேலை.

வினாத்தாள் ஆங்கிலத்தில் வந்தது. அதைத் தமிழாக்கியது நான். எனக்குப் புத்தகம் படிக்கும் பழக்கம் உண்டு. நல்ல தமிழ்ச் சொல் போடுவதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஏழாவது கேள்வியை இப்படி எழுதினேன்: "ஒரு டன் சவுக்குக்குக் கழிவு எவ்வளவு (கிலோ)?" சுருக்கமாக இருந்தது. இரண்டாம் முறை படித்துப் பார்த்தபோது திருப்தியாகவும் இருந்தது.

ஆவணியிலும் புரட்டாசியிலும் நானே அலைந்து நாற்பத்து மூன்று விவசாயிகளைக் கேட்டேன். மற்ற கேள்விகளுக்குத் தலையைச் சொறிந்தார்கள், மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், "அப்படி ஒண்ணும் கணக்கு வச்சிக்கல சார்" என்றார்கள். ஏழாவது கேள்விக்கு மட்டும் யாரும் யோசிக்கவில்லை. "ஐம்பது." "ஐம்பது, சில நேரம் அறுபது." "மழைக்காலத்துல அறுபது." இவ்வளவு ஒத்துப்போகும் தரவு என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்ததே இல்லை. அன்றைய குறிப்பில், "ஏழாம் கேள்வி: மிக நன்று" என்று எழுதி அடிக்கோடும் இட்டிருக்கிறேன். அந்த அடிக்கோட்டை இப்போதும் சில சமயம் எடுத்துப் பார்ப்பதுண்டு.

நாற்பத்து மூன்று பேர் ஒரு கேள்விக்கு ஒரே பதில் சொன்னால், அவர்கள் எல்லோரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அது நாம் கேட்ட பொருள்தானா என்பது வேறு விஷயம்.

மார்கழியில் அறிக்கை போயிற்று. சுற்று வட்டாரத்தின் மொத்தச் சவுக்கு அறுவடையை ஐம்பது கிலோவால் பெருக்கினால் ஒரு நடுத்தர ஆலைக்குத் தாராளமாகப் போதும் என்று வந்தது. ஆலை கட்டவிருந்த நிறுவனம் வேகமாக வேலையில் இறங்கியது. தை 25, ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விவசாயிகள் கூட்டம். அங்கேயே ஒப்பந்தத்தில் கையெழுத்து. தோப்பின் கழிவு முழுவதும் பத்து வருடத்துக்கு அந்த நிறுவனத்துக்கே உரியது என்பது ஒப்பந்தம்.

தை 19, திங்கட்கிழமை, விழுப்புரம் அலுவலகத்தில் இருந்தபோது எங்கள் ஆய்வகத்து வேதியியலாளர் தொலைபேசியில் அழைத்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளைய பெண்மணி. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆலையில் எவ்வளவு எத்தனால் தேறும் என்ற பின்னிணைப்பில் அவர்தான் கையெழுத்திட வேண்டும்.

"சார், நீங்க அனுப்பின மாதிரி எல்லாம் அடிமரத் துண்டு. அறிக்கையில கழிவுன்னு போட்டிருக்கீங்க. கழிவு எங்க?"

"ரெண்டும் சவுக்குதானேம்மா?"

"அடிமரமும் நுனியும் ஒண்ணா சார்? நுனியில பட்டை அதிகம், சர்க்கரை கம்மி. ஒரு கோணி கழிவு கொண்டாங்க. வேகவச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

"கூட்டம் ஞாயித்துக்கிழமைம்மா."

"ஒரு கோணிதானே சார் கேக்கறேன். அறிக்கைப்படி பார்த்தா லாரி லாரியாக் கிடக்குமே."

எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் புதன்கிழமை ஒரு கோணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அன்று இரண்டு தோப்புகளுக்குப் போனேன். இரண்டும் அறுத்து முடித்தவை. நிலம் பெருக்கிவிட்ட முற்றம்போல் இருந்தது. சருகு இருந்தது, வேர் பறித்த குழி இருந்தது, வேறெதுவும் இல்லை. மழை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தேன். தை மாதத்தில் எந்த மழை என்று எனக்கு நானே கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள், 22-ஆம் தேதி காலை, ஓமந்தூர்ப் பக்கம் ஏழுமலையின் நான்கு ஏக்கர் தோப்பில் வெட்டு நடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ஏழுமலை எனது நாற்பத்து மூன்று பேரில் ஒருவர். அவர் அங்கே இல்லை. பதினோரு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் அறுக்க, மற்றவர்கள் கிளை கழித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு கட்டி, கழுத்தில் சிலுவைக் கயிறோடு, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி எல்லோரையும் ஏவிக்கொண்டிருந்தார். ஆரோக்கியமேரி. வெட்டு ஆட்களைச் சேர்த்துக் கூட்டி வருவது அவர்தான்.

"மரம் வாங்க வந்தீங்களா சார்?"

"இல்லம்மா. கழிவு எடுக்க வந்தேன். ஒரு கோணி போதும்."

"இன்னாது?"

"கழிவு."

அவர் திரும்பிக் கத்தினார். "ஏய் செல்வி! சாருக்குக் கழிவு வேணுமாம். உன் வூட்டுக்காரரை அனுப்பி வையி!"

பதினோரு பேரும் சிரித்தார்கள். செல்வி, "கோணில அடங்க மாட்டாரு சார், லாரி கொண்டாங்க" என்றாள். மறுபடி சிரிப்பு.

நான் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்த மெல்லிய நுனிகளையும் கிளைகளையும் காட்டி, "இதைத்தான் சொல்றேன்" என்றேன்.

ஆரோக்கியமேரியின் முகத்தில் சிரிப்பு நின்றது. "அது மிளாரு சார். அது எங்களுது."

"உங்களுதுன்னா?"

"வெட்டுக்கூலி பாதி கையில, பாதி மிளாரு. எங்க அம்மா காலத்துலருந்து அப்படித்தான். வூட்டுக்கு எரிக்கறது போக மிச்சத்த செங்கல் சூளைக்காரரு எடுத்துக்குவாரு. இதுல தான் பொண்ணுக்கு பீஸு கட்டிக்கினு இருக்கேன்."

"சரி, வேர்க்கட்டை?"

"வேரு தோண்டறவனுக்கு. குழிய மூடிக் குடுக்கணும், வேர எடுத்துக்கினு போவணும்."

"பட்டை?"

"மரத்தோட போவுது."

"கீழ கிடக்கற சருகு?"

"அத்தத் தொட்டா ஏழுமலை அண்ணன் கத்தியெடுத்துக்கினு வருவாரு. நெலத்துக்கு உரமாச்சே." பிறகு என் கையிலிருந்த கோணியைப் பார்த்தார். "அந்தக் கோணிய குடுங்க சார். சும்மாத்தான வச்சிக்கினு கீறீங்க. சாப்பாட்டுக்குக் குந்த போட்டுக்கறோம்."

கொடுத்துவிட்டேன். அதன் மேல் உட்கார்ந்துதான் அவர்கள் கேப்பைக் கூழ் குடித்தார்கள். எனக்கும் ஒரு சொம்பு வந்தது. குடித்துக்கொண்டே கணக்குப் போட்டேன். நுனிக்கு ஆள் இருக்கிறது, வேருக்கு ஆள் இருக்கிறது, சருகுக்கு நிலம் இருக்கிறது. அப்படியானால் டன்னுக்கு ஐம்பது கிலோ என்று நாற்பத்து மூன்று பேர் எதைச் சொன்னார்கள்?

லாரி நிறைந்ததும் எடைமேடைக்குப் புறப்பட்டது. நானும் ஏறிக்கொண்டேன். ஆரோக்கியமேரியும் வந்தார், லோடுக்கு எடைச்சீட்டு வந்தால்தான் அவர் ஆட்களுக்குக் கூலி. எடைமேடையில் ஏழுமலை எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். எடை பார்க்கும் கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஒருவர் எண்ணைப் படித்துவிட்டு, "கழிவு ஐம்பது" என்றார்.

ஏழுமலைக்குக் கோபம் வந்தது. "போன லோடுக்கும் ஐம்பது, இதுக்கும் ஐம்பதா? வெட்டி நாலு நாளு காய்ஞ்ச மரம்பா இது!"

"ஈரம் இல்லன்னா பட்டை இருக்கும், பட்டை இல்லன்னா மண்ணு இருக்கும். கழிவு கழிவுதாண்ணே. ஜல்தியா வண்டிய எடுங்க, பின்னால ரெண்டு லோடு நிக்குது."

பக்கத்தில் நின்ற ஆரோக்கியமேரியிடம், "கழிவுன்னா இதுவா?" என்று கேட்டேன்.

அப்போது அவர் சொன்னதுதான் மேலே உள்ள குறிப்பு. கழிவு என்றால் மரம் வாங்கும் ஆலைக்காரர்கள் எடையில் பிடித்துக்கொள்வது. வெட்டுகிறவர்கள் வீணாகப் போடுவது அல்ல. ஈரத்துக்கும் பட்டைக்கும் என்று ஒரு டன்னுக்கு ஐம்பது கிலோவைச் சீட்டில் கழித்துவிடுகிறார்கள். மரம் என்னவோ முழுசாக உள்ளே போய்விடுகிறது. சவுக்கு வியாபாரத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே கிடையாது. நான் சேகரித்த எண் ஒவ்வொன்றும் உண்மை. அந்த ஐம்பது கிலோவில் பாதி தண்ணீர், மீதி ஏற்கெனவே காகித ஆலைக்குள் போய்விட்ட மரம். நாங்கள் கட்டச் சொன்ன எத்தனால் ஆலை இந்த இரண்டையும் கொண்டு ஓடவேண்டியது.

அதற்குள் ஏழுமலை என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"சார், நீங்கதான ஆவணியில வந்து கழிவு எவ்வளவுன்னு எழுதிக்கினு போனீங்க? அந்தக் கழிவுக்குத் துட்டு தரப்போற கம்பெனி உங்களுதுதான? எத்தினி வருசமா இவனுங்க புடிச்சிக்கினு கீறானுங்க. ஞாயித்துக்கெழம மொதல் கையெழுத்து என்னுதுதான் சார், சொல்லிட்டேன்."

விவசாயிகள் ஏன் இவ்வளவு ஆர்வமாக இருந்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கிற்று. எடைமேடையில் இழக்கும் ஐம்பது கிலோவுக்கு யாரோ காசு தரப்போகிறார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். என் பையில் ஒப்பந்த நகல் இருந்தது. அதன் இரண்டாம் பக்கத்தில், "கழிவு என்பது நுனி, கிளை, மிளார், வேர்க்கட்டை ஆகிய அனைத்தையும் குறிக்கும்" என்று நிறுவனத்தின் வக்கீல் எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை கையெழுத்திட்டால் அவருக்கு அந்த ஐம்பது கிலோ வராது. ஆரோக்கியமேரிக்குப் பத்து வருடத்துக்கு மிளார் இல்லாமல் போகும்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அலுவலகத்தில் கேட்காமல் பேசக்கூடாது என்று ஒரு நியாயம் மனத்தில் உடனே தயாராகிவிட்டது. இறங்கிப் போகும்போது ஆரோக்கியமேரி, "சார், மிளாரப் பத்தி நோட்டுல ஒண்ணும் எழுதிக்கலயே?" என்று கேட்டார். "பார்க்கறேன்மா" என்றேன். என் பணிக்காலத்தில் நான் சொன்னவற்றுள் மிகவும் கோழைத்தனமான சொல் அதுதான்.

பேருந்து நிலையத்திலிருந்து வேதியியலாளரை அழைத்தேன். கழிவு கிடைக்கவில்லை என்று சொல்லி, நடந்ததையும் சொன்னேன்.

"கோணி காலியா சார்?"

"கோணியும் இல்லம்மா. அதுல உக்காந்து கூழ் குடிச்சிட்டாங்க."

சிரித்தார். பிறகு, "அப்ப அதுதான் சார் ரிசல்ட். நான் பதிவேட்டுல அப்படியே எழுதிடறேன்" என்றார். எழுதவும் செய்தார். பிற்பாடு அந்தப் பக்கத்தை நான் பார்த்தேன். "மாதிரி: பெறப்படவில்லை. காரணம்: பொருள் இல்லை." கீழே தேதி, கையெழுத்து. என் நாற்பது பக்க அறிக்கையைவிட அந்த ஒன்றரை வரி சரியானது.

வெள்ளிக்கிழமை விழுப்புரத்தில் பிரிவுத் தலைவரைப் பார்த்தேன். நல்ல மனிதர், நிதானமானவர். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஞாயிறு போகட்டும். திங்கள் காலையில ஒரு திருத்தம் அனுப்பிடுவோம். ஒப்பந்தம் நம்ம வேலை இல்ல. நாம அளக்கற ஆளுங்க."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. நெருக்கடியில் உங்களுக்குக் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஒவ்வொரு வாக்கியமும் சரியாக இருக்கும், மொத்தத்தில் ஒருவருடைய பொருள் கைமாறிப் போயிருக்கும்.

அன்று மாலையும் சனிக்கிழமை காலையும் கணக்கைப் புதிதாகப் போட்டேன். மிளாரைக் கழிவு என்று எண்ணாமல், செங்கல் சூளைக்காரர் அதற்கு என்ன மதிப்புக் கொடுக்கிறாரோ அதையே விலையாக வைத்தேன். எத்தனாலின் அடக்கவிலை அந்த ஒரு மாற்றத்திலேயே கவிழ்ந்தது. சுற்றுச்சூழல் பக்கத்தை எழுதும்போது ஒரு கேள்வி வந்தது. இதை மட்டுமாவது நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு பொருளை ஓர் அடுப்பிலிருந்து எடுத்தால், நாளைக்கு அந்த அடுப்பில் எது எரியும்? சூளைக்காரர் சூளையை மூடப்போவதில்லை; வேறு எதையோ வெட்டுவார் அல்லது எங்கிருந்தோ லாரியில் வரவழைப்பார். பதினோரு வீட்டு அடுப்பும் அணையப்போவதில்லை. வண்டியில் மிச்சமாகும் புகை சூளையிலும் வேறொரு சாலையிலும் வரும். என் முதல் அறிக்கையில் இதற்கு ஒரு பத்திகூட இல்லை. வீணாகக் கிடக்கும் பொருளுக்குப் பக்கத்தில் அடுப்பு ஏது?

மரத்திலிருந்து எத்தனால் எடுப்பதே தவறு என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். மர அறுவை ஆலைகளின் பின்புறம் தூள் மலையாகக் குவிந்து, கேட்பாரற்று, மழையில் புளித்துக் கிடப்பதை வேறு மாவட்டத்தில் பார்த்திருக்கிறேன். அங்கே அது நியாயமான தொழில். பூட்டைத் திறக்கும் செலவு குறைந்தால் இன்னும் நியாயமாகும். நம்மிடம் கேட்கப்படுவது அந்தத் தொழில் நல்லதா என்பது அல்ல. இந்த ஊரில், இந்தத் தோப்பில், யாருக்கும் வேண்டாத மரம் கிடக்கிறதா என்பதே.

சனி மாலை 4.40-க்கு அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பிரிவுத் தலைவருக்கு ஒரு நகல். அவர் பதில் எழுதவில்லை, தடுக்கவும் இல்லை. நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் ஒரே வரியில் பதில் அனுப்பினார்: நாளை வந்து நீங்களே விளக்குங்கள்.

மண்டபத்தில் ஏறத்தாழ நூறு பேர். சமையற்கட்டிலிருந்து சாம்பார் மணம் வந்துகொண்டிருந்தது. வெட்டு ஆட்கள் யாரும் அங்கே இல்லை; அவர்களை யாரும் அழைக்கவில்லை, நானும் ஆவணியில் அவர்களில் ஒருவரையும் கேட்டிருக்கவில்லை. எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். பேச்சு எதுவும் தயார் செய்யவில்லை. ஒலிபெருக்கியில் ஒரே கேள்வி கேட்டேன்.

"ஐயா, டன்னுக்குக் கழிவு ஐம்பதுன்னு என்கிட்ட சொன்னீங்களே, எதைச் சொன்னீங்க?"

"எடைமேடையில புடிக்கறதுதான்!" என்று நாலைந்து பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ஊருக்கே தெரியும் சார், நீங்க இன்னா புதுசா கேக்கறீங்க?"

பிறகு ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்தேன். நுனி, கிளை, மிளார், வேர்க்கட்டை. மெதுவாகப் படித்தேன். முன்வரிசையில் ஏழுமலை எழுந்து நின்றார். வெள்ளைச் சட்டை, பையில் புதுப் பேனா.

"அப்ப அந்த ஐம்பது கிலோ?"

"அதுக்கு யாரும் காசு தரப்போறதில்லைங்க. அந்த மரம் எங்கேயும் இல்ல. நான் தப்பா எழுதிட்டேன்."

"ஆறு மாசமா நம்பிக்கினு இருந்தோம் சார்! இன்னா பேஜாரு இது? படிச்சவங்கதான நீங்க? கழின்னு கேட்டா கம்பு குடுப்போம், கழிவுன்னு கேட்டா எடை சொல்லுவோம். மிளாருன்னு கேக்கறதுக்கு வாயி வரலயா?"

வினாத்தாளில் மிளார் என்று எழுத எனக்கு வாய் வரவில்லைதான். அது பேச்சுச் சொல் என்று ஒதுக்கியிருந்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "மிளாரு போனா போவுதுப்பா, கம்பெனி எதுனா குடுக்குதில்ல, வாங்கிக்கலாம்" என்றார்.

ஏழுமலை அவர் பக்கம் திரும்பினார். "நீ வாங்கிக்க. தை மாசம் மரம் வெட்ட உன் மச்சான் வருவானா? மிளாரு இல்லன்னா மேரி ஆளுங்களக் கூட்டிக்கினு கரும்பு வெட்டப் போயிடும். அப்புறம் நானும் நீயும் ரம்பத்த எடுத்துக்கினு நிக்க வேண்டியதுதான்."

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை. என்னைப் பார்க்காமலே பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். அன்று ஒரு கையெழுத்தும் விழவில்லை. சாப்பாடு மட்டும் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் ஒருங்கிணைப்பாளர் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "பத்து நாளைக்கு முன்னாடி சொல்லியிருந்தீங்கன்னா மண்டபத்துக்கு முன்பணமாவது கட்டாம இருந்திருப்போம் சார்" என்று மட்டும் சொன்னார். பத்து நாளைக்கு முன் எனக்கே தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சொல்லவில்லை.

அதன் பிறகு எட்டு மாதம் எனக்குக் களவேலை கொடுக்கவில்லை. பழைய அறிக்கைகளைச் சரிபார்க்க உட்காரவைத்தார்கள். அது தண்டனை என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேறு ஊர்களின் வினாத்தாள்களை அப்போது படித்தேன். அவற்றில் பாதியில் நான் செய்த காரியத்தையே வேறு சொற்களில் வேறு யாரோ செய்திருந்தார்கள். வினாத்தாளை அச்சிடுவதற்கு முன் அந்தத் தொழிலில் கை வைக்கும் ஒருவரிடம், நிலம் வைத்திருப்பவரிடம் மட்டும் அல்ல, வாய்விட்டுப் படித்துக் காட்டுவது என்ற வழக்கம் அந்த எட்டு மாதத்தில்தான் நம் பிரிவில் வந்தது. நீங்கள் இப்போது அதைச் சலிப்போடு செய்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். சலிப்போடாவது செய்யுங்கள்.

என் காலத்தில் அங்கே எத்தனால் ஆலை வரவில்லை. நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டதா, வேறிடம் போனதா என்பது எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. ஓய்வு பெற்ற பிறகு இரண்டு முறை ஓமந்தூர்ப் பக்கம் போனேன். முதல் முறை ஆரோக்கியமேரியைப் பார்த்தேன். மகள் நர்சிங் முடித்துவிட்டாள். மண்டபத்தில் நடந்தது அவருக்குத் தெரிந்திருந்தது; ஏழுமலை சொல்லியிருக்கிறார். அதைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான்: "உங்க கோணி இன்னும் கீது சார். வேணுமா?"

இரண்டாம் முறை போனது சென்ற மாசியில். பேருந்து நிறுத்தத்தில் ஒரு டிராக்டர் நின்றது. நிறைய மிளார்க் கட்டுகள். எங்கே போகிறது என்று ஓட்டுநரைக் கேட்டேன். "கழிவு லோடு சார்" என்றார். எடையில் பிடிக்கும் கழிவா என்று கேட்டேன். "அது இல்ல சார், இதுதான். மிளாரத்தான் இப்ப கழிவுன்னு சொல்றாங்க." யார் சொல்கிறார்கள், எப்போதிலிருந்து, அந்த லோடு வெட்டு ஆட்களுடையதா, தோப்புக்காரருடையதா, எங்கே இறங்குகிறது என்று கேட்பதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது. ஆரோக்கியமேரியின் எண்ணுக்கு இரண்டு முறை அழைத்தேன். அது உபயோகத்தில் இல்லை.

மிளாருக்கு அந்தச் சொல் என் ஏழாம் கேள்வியிலிருந்து போய்ச் சேர்ந்ததா, வக்கீலின் இரண்டாம் பக்கத்திலிருந்தா, வேறெங்கிருந்தாவது வந்ததா என்பதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை. குறிப்பேடு முப்பத்தெட்டில், மாசி 9, திங்கள், பிற்பகல் 3.25 என்று எழுதி, எதிரே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.